டெய்லி வண்டிக்கு லிஃப்ட் கிட்: எத்தனை இன்ச் என்பது கடைசிக் கேள்வி



இந்த வார எபிசோடில் காருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேசினோம். நடுவில் ஒரு நிமிஷம் பேச்சு ஆஃப்ரோடு பக்கம் போனது. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அதிகக் கேள்விகள் வந்திருக்கு! கிட்டத்தட்ட எல்லாமே ஒரே கேள்வி: "ப்ரோ, வண்டியைத் தூக்கணும். 2 இன்ச் போதுமா, 3 இன்ச் போடலாமா?"

கேட்டவர்களுடைய வாழ்க்கையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வாரத்துக்கு அஞ்சு நாள் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு இ311 ரோட்டில் போக்குவரத்து நெரிசல், ஒரு நாள் மணல். பிள்ளைகளை ஸ்கூலில் விடுவதும் அதே வண்டி, மாசச் சாமான் வாங்கப் போவதும் அதே வண்டி, குளிர்காலத்தில் பதாயர் மணல்மேட்டில் ஏறுவதும் அதே வண்டி. மணலுக்கென்று தனியா ஒரு வண்டி வைத்துக்கொள்ள நம்மில் பலருக்கு வசதியும் இல்லை, பார்க்கிங்கும் இல்லை.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியில் என்ன இடிக்குதுன்னு உடனே புரியும். கிளையண்ட் வந்து "64 கோர் சர்வர் வேணும்" என்று ஆரம்பித்தால், "எத்தனை யூசர், என்ன லோடு?" என்று திருப்பிக் கேட்போம் இல்லையா? லிஃப்ட் கிட்டும் அதே கதைதான். உயரம் என்பது கணக்குப் போட்ட பிறகு கிடைக்கும் விடை. அதுக்கு முன்னாடி பதில் தெரிய வேண்டிய கேள்விகள் இரண்டு. வண்டியில் தினமும் எவ்வளவு எடை இருக்கு? எந்த மாதிரித் தரையில், எவ்வளவு சூட்டில் ஓடுது?

லிஃப்ட் எதைத் தூக்கும், எதைத் தூக்காது

முதலில் ஒரு பொதுவான நினைப்பைச் சரிசெய்துவிடலாம். சஸ்பென்ஷன் லிஃப்ட் அச்சுக்கு மேலே இருக்கும் பாடியைத்தான் தூக்குகிறது. எஃப்ஜே க்ரூஸர், பிராடோ, லேண்ட் க்ரூஸர், பழைய வொய்61 பேட்ரோல், ரேங்லர் எல்லாவற்றிலும் பின்னால் ஒரே கம்பி மாதிரி முழு அச்சு இருக்கு. அதன் நடுவில் தொங்கும் டிஃப்பரன்ஷியல்தான் பின்பக்கம் தரைக்கு மிக நெருக்கமான பாகம். நீங்கள் 2 இன்ச் போட்டாலும் 4 இன்ச் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே.

டயர் எவ்வளவு உயர்த்தும்? 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ. 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ. வித்தியாசம் 28. அச்சு டயரின் நடுவில் இருப்பதால் டிஃப்பரன்ஷியல் உயர்வது அதில் பாதி, அதாவது 14 மி.மீ.

அப்போ லிஃப்ட் வேஸ்ட்டா? அப்படியும் இல்லை. மணல்மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டி, நாலு சக்கரமும் பிடிமானம் இல்லாமல் சுழல்வதைப் பார்த்திருப்பீங்க. அங்கே லிஃப்ட் உதவும். முன் பம்பர் சரிவில் குத்தாமல் இருக்கவும் உதவும். பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் இருக்க இடமும் கிடைக்கும். அச்சுகளுக்கு இடையே நீளம் கூடக்கூட வயிறு தட்டும் வாய்ப்பும் கூடும். எஃப்ஜே-யில் அந்த நீளம் 2,690 மி.மீ., வொய்62 பேட்ரோலில் 3,075 மி.மீ. ஒரே மேட்டில் எஃப்ஜே தாண்டிப் போக, பேட்ரோல் உச்சியில் உட்கார்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மணலில் நிஜமாகவே ஆளைக் காப்பாற்றுவது டயர் பிரஷர்தான். 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15-க்கு இறக்கினால் டயர் மணலில் படும் பரப்பு நீளமாகும், வண்டி மணலுக்குள் புதையாமல் மேலேயே போகும். இதுக்கு ஒரு கேஜும் கம்ப்ரெஸரும் போதும். இதைச் செய்யாமல் எந்த கிட் போட்டாலும் பலனில்லை.

உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை

வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை மதிப்பிட அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்ஹெச்டிஎஸ்ஏ 2001 மாடல் வண்டிகளிலிருந்து ஓர் எளிய எண்ணைப் பயன்படுத்துகிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடைமையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை பெரிசா இருந்தால் நல்லது. சின்னதானால் கவிழும் வாய்ப்பு அதிகம்.

ஓர் உதாரணக் கணக்கு. அகலம் 1,600 மி.மீ., எடைமையம் 750 மி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 1,600-ஐ 1,500-ஆல் வகுத்தால் 1.07. எடைமையம் 50 மி.மீ. ஏறினால் 1,600-ஐ 1,600-ஆல் வகுக்கணும், விடை 1.00. சக்கரமும் அச்சும் மேலே போகாததால் நிஜத்தில் எடைமையம் 50-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். ஆனாலும் 2 இன்ச்சுக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 6 சதவீத நிலைத்தன்மை. இதன் மேல் ரூஃப் ரேக், அதன் மேல் கூடாரம், ஜெர்ரி கேன் என்று ஏற்றினால் கணக்கு இன்னும் மோசமாகும்.

மணல்மேட்டில் குறுக்கே போகும்போது மட்டும் வரும் பிரச்சினை இல்லை இது. ஹைவேயில் 120-ல் போகும்போது முன்னால் போகிறவர் திடீர்னு லேன் மாறினால், நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் அந்த ஒரு விநாடியிலும் இதே எண்தான் வேலை செய்கிறது. பின் சீட்டில் பிள்ளைகள் உட்காரும் வண்டிக்கு இதைக் கவனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு இன்ச்சையும் கூட்டணும்.

முதல் கேள்வி: எடை

இனி ஸ்பிரிங். ஒரு பின் ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 3 கிலோ வேணும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பிரிங்குக்கும் சேர்த்து 6 கிலோ. பின் அச்சுக்கு நேர் மேலே 200 கிலோ சாமான் ஏற்றினால் வண்டி 33 மி.மீ. இறங்கும். அதுக்கு பதிலா 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் அதே 200 கிலோவுக்கு 25 மி.மீ.தான் இறங்கும்.

கேட்டலாக்கில் "50 மி.மீ. லிஃப்ட், 200 கிலோ நிரந்தர லோடு" என்று இருந்தால், அந்த 200 கிலோ எப்பவும் வண்டியில் இருக்கும்போதுதான் அந்த 50. வெறும் வண்டியில் அதே ஸ்பிரிங் சுமார் 75 மி.மீ. தூக்கி நிற்கும். கூடவே வண்டி விறைக்கும். பின்பக்கம் 800 கிலோ தாங்குகிறது என்றால், 3 கிலோ ஸ்பிரிங்கில் பாடி விநாடிக்கு சுமார் 1.4 முறை ஆடும். 4 கிலோவில் சுமார் 1.6 முறை. எண்ணில் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஸ்பீடு பிரேக்கரில் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இங்கே இன்னொரு விஷயம். நம்ம ஊர் கடைகளில் அதிகம் கிடைக்கும் ஓல்ட் மேன் ஈமு, டாப்பின்சன்ஸ், அயர்ன்மேன், டஃப் டாக் எல்லாமே ஆஸ்திரேலிய பிராண்டுகள். அங்கே வாடிக்கையாளர் இரும்பு பம்பர், வின்ச், டிராயர், இரண்டாவது பேட்டரி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிரந்தரமா மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர் சுற்றுபவர். அதனால் அந்த கேட்டலாக்குகளில் ஹெவி ஸ்பிரிங் வரிசை நீளமா இருக்கும். நம்ம வண்டியில் நிரந்தரமா இருப்பது ஒரு ரெக்கவரி பை, கம்ப்ரெஸர், 20 லிட்டர் தண்ணீர். மிஞ்சிப்போனால் 50 கிலோ. "ஹெவி டியூட்டின்னா நல்லதுதானே?" என்று கடையில் சொல்வார்கள். நம்ம வேலைக்கு லைட் அல்லது மீடியம் ஸ்பிரிங்தான் பொருந்தும்.

இரண்டாவது கேள்வி: சூடு

ஷாக் அப்சார்பருக்கு உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஆட்டத்தைச் சூடாக மாற்றுவது. அலை அலையா இருக்கும் கல்பாதையில் அரை மணி நேரம் ஓட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய் சுட்டு, இளகி, தடுக்கும் சக்தியை இழக்கும். நுரை தட்டினால் இன்னும் மோசம். வெளியே ஏற்கெனவே 45 டிகிரி இருந்தால் அந்தச் சூடு வெளியேறவும் நேரம் பிடிக்கும்.

ட்வின் ட்யூப் வகையில் எண்ணெய் உள் குழாயில் வேலை செய்கிறது, வெளிக் குழாய் அதைச் சுற்றி இருக்கிறது. கல் அடித்து வெளிக் குழாய் நசுங்கினாலும் பொதுவா வேலை செய்யும். ஆனால் சூடு மெதுவாத்தான் வெளியே போகும். மோனோட்யூப்பில் ஒரே குழாய்தான், நைட்ரஜன் அழுத்தம் தனி அறையில் இருக்கும். சூடு நேரா வெளிச்சுவருக்கு வரும், நுரை தட்டுவதும் குறைவு. பில்ஸ்டீன் 5100 இந்த வகை. குழாய் நசுங்கினால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும் என்பது இதன் பலவீனம். இரண்டுக்கும் நடுவே ஃபோம் செல் வகை ஒன்று உண்டு. அதில் வாயுவுக்கு பதிலா ஒரு நுரைப்பஞ்சு எண்ணெய் நுரை தட்டுவதைத் தடுக்கிறது. தனி டப்பா தொங்கும் ரிசர்வாயர் வகையில் எண்ணெய் அதிகம், சூடு தாங்கும் நேரமும் அதிகம்.

டெய்லி வண்டி, மாசத்துக்கு இரண்டு முறை மணல் என்றால் நல்ல மோனோட்யூப் போதும். கையில் இருக்கும் பணத்தை உயரத்துக்குப் போடுவதா, ஷாக்குக்குப் போடுவதா என்று வந்தால், ஷாக்குக்கே போடுங்கள். அஞ்சு நாள் ஹைவேயிலும் அதன் பலன் தெரியும்.

50 மி.மீ.-க்கு மேல் தொடங்கும் சங்கிலி

முன்பக்கம் தனித்தனியா ஆடும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் 40–50 மி.மீ. வரை பெரும்பாலும் ஸ்பிரிங், ஷாக், அலைன்மெண்ட்டோடு முடியும். அதைத் தாண்டினால் ஒரு பேக்கேஜை அப்டேட் பண்ணி, அது இன்னும் பத்தைக் கேட்கும் கதைதான்.

சக்கரத்துக்குப் போகும் ட்ரைவ் ஷாஃப்ட் 450 மி.மீ. நீளம் என்றால், 50 மி.மீ. உயர்வு அதன் கோணத்தை 6 டிகிரிக்கு மேல் கூட்டும். சிவி ஜாயிண்ட் தினமும் அந்தக் கோணத்திலேயே சுழலணும். பூட் சீக்கிரம் கிழியும், கிழிந்த பூட்டுக்குள் மணல் போனால் ஜாயிண்ட் முடிந்தது. அடுத்து காஸ்டர் கோணம் குறையும். ஸ்டீயரிங்கை விட்டால் தானா நேராகும் குணம் அதிலிருந்துதான் வருகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவர வேறு அப்பர் கண்ட்ரோல் ஆர்ம் வாங்கணும். பின்னால் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடு அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸ் நீளம் பத்துமா என்றும் பார்க்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான்.

இதில் மலிவான குறுக்குவழி ஸ்பேஸர். முன் ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் 25 மி.மீ. தடிப்பில் ஒரு வளையம் வைத்தால், ஆர்மின் நெம்புகோல் கணக்கால் சக்கரத்தில் சுமார் 50 மி.மீ. உயர்வு கிடைக்கும். ஷாக் பழசு, ஸ்பிரிங் பழசு, உயரம் மட்டும் புதுசு! சக்கரம் முழுசா கீழே தொங்கும்போது பால் ஜாயிண்ட்டும் சிவி ஜாயிண்ட்டும் கம்பெனி நினைத்த எல்லையைத் தாண்டிப் போகும்.

நண்பர் ஒருத்தர் இப்படி ஸ்பேஸரில் 3 இன்ச் தூக்கிய பிராடோவை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ரெண்டாவது வாரமே போன் பண்ணினார்: "மச்சி, 100-க்கு மேல போனா ஸ்டீயரிங் கப்பல் மாதிரி மிதக்குதுடா." அலைன்மெண்ட் ஷீட்டில் இரண்டு பக்கமும் காஸ்டர் சிவப்பில். ஒரு பக்கம் சிவி பூட் கிழிந்து கிரீஸ் ரிம் முழுக்கத் தெறித்திருந்தது. ஸ்பேஸரைக் கழற்றி, 40 மி.மீ. ஸ்பிரிங்கும் புது ஷாக்கும் போட்ட பிறகு வண்டி முன்பைவிடத் தாழ்ந்தது, மணலில் முன்பைவிட நல்லா ஓடுது.

கம்ப்யூட்டர்களுக்குத் தெரியாமல் தூக்க முடியாது

எபிசோடில் பேசினதோட தொடர்ச்சி இது. சில வண்டிகளில் சஸ்பென்ஷனே ஒரு சிஸ்டம். வொய்62 பேட்ரோலின் மேல் ட்ரிம்களில் உள்ள ஹெச்பிஎம்சி-யில் நாலு ஷாக்கும் எண்ணெய்க் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். வளைவில் சாயாமல் பிடிப்பது அதுதான், ஸ்டெபிலைசர் பார் கிடையாது. அந்த ஷாக்குகளைக் கழற்றிச் சாதாரண ஷாக் போட்டால் சாய்வைத் தடுக்க எதுவுமே இல்லாமல் போகும். டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் உள்ள பிராடோ, லேண்ட் க்ரூஸரிலும் அந்த அமைப்புக்கென்றே செய்த ஸ்பிரிங்தான் போடணும். வாங்கும் முன் உங்கள் ட்ரிம்மில் எது இருக்கு என்று பாருங்கள்.

அடுத்தது ஹெட்லைட். பின்னால் தொடாமல் முன்னால் மட்டும் தூக்கும் லெவலிங் கிட் ரொம்பப் பிரபலம். 2,850 மி.மீ. நீளத்தில் முன்பக்கம் 50 மி.மீ. ஏறினால் வண்டி 1 டிகிரி பின்னால் சாயும். 1 டிகிரிதானே? 50 மீட்டர் தூரத்தில் உங்கள் வெளிச்சம் 87 செ.மீ. மேலே போய் விழும், அதாவது முன்னால் போகிறவரின் கண்ணாடிக்குள். முன் கேமராவும் ரேடாரும் உள்ள புது வண்டிகளில் அவையும் அதே 1 டிகிரி மேலே பார்க்கும். எனவே லிஃப்ட்டுக்குப் பிறகு ஹெட்லைட் செட்டிங்கும் சென்சார் கேலிப்ரேஷனும் கட்டாயம். கேலிப்ரேஷன் செய்துதர முடியாது என்று கேரேஜ் சொன்னால், அந்த கேரேஜ் வேண்டாம்.

கடைசியா ஸ்பீடோமீட்டர். மேலே சொன்ன 285 டயர் 3.5 சதவீதம் பெரிசு. பழைய டயரில் நிஜமா 120-ல் போனபோது காட்டிய அதே எண்ணில் இப்போ நீங்கள் போவது 124. பொதுவா கம்பெனி மீட்டர்கள் நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அந்தச் சலுகையைத்தான் பெரிய டயர் சாப்பிடுகிறது. துபாய் ரேடாரில் எல்லைக்கு மேல் 20 கி.மீ. வரை விட்டுக்கொடுப்பு உண்டு. அபுதாபி 2018 ஆகஸ்டிலேயே அதை எடுத்துவிட்டது. தினமும் அபுதாபிக்குள் போய் வருகிறவர்கள் ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அனுமதி, இன்ஷூரன்ஸ், பேஸ்மெண்ட்

எமிரேட்ஸில் அனுமதி இல்லாமல் எஞ்சினிலோ சேசியிலோ மாற்றம் செய்தால் 2017-ல் வந்த ஃபெடரல் விதிகளின்படி 1,000 திர்ஹம் அபராதம், 12 கரும்புள்ளி, 30 நாள் வண்டி பறிமுதல். 24 புள்ளியில் லைசென்ஸே போகும் என்பதால் இது ஒரே தடவையில் பாதி தூரம். எவ்வளவு உயரத்தை உங்கள் எமிரேட்டில் ஏற்கிறார்கள் என்பதை வேலை ஆரம்பிக்கும் முன் டெஸ்டிங் சென்டரிலேயே கேட்டுவிடுங்கள். அல் கூஸிலும் முஸஃபாவிலும் ஷார்ஜா இண்டஸ்ட்ரியலிலும் "ஒண்ணும் ஆகாது பாய், எல்லாரும் போடுறாங்க" என்பார்கள். வருஷாந்தர டெஸ்டில் வண்டி நிற்கும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லாத மாற்றம் ஒரு பெரிய கிளெய்மில் மறுப்புக்குக் காரணமாகலாம். ஒப்பந்த வேலையில் இருக்கிற நமக்கு, விசாவும் வேலையும் சம்பளமும் ஒரே நூலில் தொங்கும்போது, நஷ்ட ஈடு மறுக்கப்பட்ட ஒரு விபத்தைத் தாங்க முடியாது. பேங்க் லோனில் இருக்கும் வண்டி என்றால் இன்னும் யோசிக்கணும்.

2024 ஏப்ரல் மழைக்குப் பிறகு "வெள்ளத்துக்காகத் தூக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். 50 மி.மீ. உங்களை ஓடும் தண்ணீரிலிருந்து காப்பாற்றாது. வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம், 23 கரும்புள்ளி, 60 நாள் பறிமுதல்.

இன்னொன்று: உங்கள் பில்டிங் பேஸ்மெண்ட் நுழைவாயிலில் உயர அளவுப் பலகை தொங்கும். ரேக்கோடு சேர்த்து வண்டி எவ்வளவு என்று டேப் பிடித்துப் பாருங்கள்.

சரி, எதைப் போடுவது?

வண்டியில் கூடுதலா எதுவும் மாட்டவில்லை, குளிர்காலத்தில் மட்டும் மணல்: லிஃப்ட் வேண்டாம். ஷாக் தேய்ந்திருந்தால் நல்லது மாற்றுங்கள், ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள், கம்ப்ரெஸர் வாங்குங்கள்.

நிரந்தரமா 50 முதல் 150 கிலோ, மாசத்துக்கு இரண்டு மூன்று முறை மணலோ ஹத்தா பக்கம் கல்பாதையோ: அந்த எடைக்கான லைட் அல்லது மீடியம் ஸ்பிரிங், மோனோட்யூப் அல்லது ஃபோம் செல் ஷாக், 40–50 மி.மீ. அலைன்மெண்ட்டில் காஸ்டர் திரும்பி வரலைன்னா மட்டும் அப்பர் ஆர்ம். என் எஃப்ஜே-யில் இருப்பது இந்த வகைதான், 40 மி.மீ. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருகிறார்கள்.

இரும்பு பம்பர், வின்ச், டிராயர், மேலே கூடாரம், அடிக்கடி லீவா: ஹெவி ஸ்பிரிங், ரிசர்வாயர் ஷாக், ஆர்ம் எல்லாம் நியாயம்தான். 50-ஐத் தாண்டி 75, 100 என்று தோன்ற ஆரம்பித்தால், உங்களுக்குத் தேவை இரண்டாவது வண்டி.

கடைக்குப் போகும் முன் இந்த வாரம் இரண்டே வேலை செய்யுங்கள். வழக்கமான சாமானோடு, டேங்க் நிரப்பி, ஓர் எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியா எடை போடுங்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கையில் ஆறு எண்கள் இருக்கும். கடைக்காரர் முதலில் இந்த எண்களைக் கேட்டால், சரியான கடைக்கு வந்திருக்கீங்க. "எத்தனை இன்ச் வேணும்?" என்று ஆரம்பித்தால், ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த கடைக்குப் போங்க.

அந்த ஆறு எண்களோடு மெயில் போடுங்கள். அடுத்த எபிசோடில் இரண்டு மூன்று வண்டிகளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.